மருந்தைக் குப்பையில் போடச் சொல்வது எளிது

ஸ்டீராய்டு களிம்பைத் தூக்கிப் போடச் சொல்லும் அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எல்லோரும் பார்த்தாயிற்று, இரண்டு பக்கமும் பேசியாயிற்று. ஆனால் நேற்று இரவு என் அக்கா, பெரியம்மா மகள், அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே என் பெயரையும் சேர்த்து, "இனிமேலாவது அந்த ஆயின்ட்மென்டை விட்டுத் தொலை" என்று எழுதியதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஒரு முழு டியூபையும் பிதுக்கிக் குப்பைக் கூடையில் விட்டு, "ஸ்டீராய்டு விஷம், இன்றைக்கே தூக்கிப் போடுங்கள்" என்று சொன்னவரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவருக்குப் பார்வையாளர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். எனக்கு வலித்தது கீழே இருந்த ஒரு கமென்ட். ஒரு பெண் கேட்கிறார்: "என் கணவருக்கு உள்ளங்காலில் சோரியாசிஸ், டாக்டர் இதே மருந்துதான் கொடுத்திருக்கிறார், நிறுத்திவிடலாமா?" பயந்துபோய்க் கேட்கிறார். அதற்கு வந்த பதில்களைப் படித்தீர்களா? "உன் புருஷனை நீயே கொல்கிறாய்" என்று ஒருவர். "படிச்ச முட்டாள்" என்று இன்னொருவர். டாக்டரிடம் போய்க் கேளுங்கள் என்று சொல்ல அத்தனை பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். க்ளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்பு, தோலின் அழற்சியை அடக்கும் ஒரு மருந்து. எங்கே போடுவது, எவ்வளவு போடுவது, எத்தனை நாள் போடுவது, எப்படி நிறுத்துவது, இந்த நான்கும் தெரிந்து போட்டால் அது காப்பாற்றும். இந்த நான்கையும் சொல்லாமல் விற்பவரும் கெடுக்கிறார், இந்த நான்கையும் கேட்காமல் தூக்கிப் போடச் சொல்பவரும் கெடுக்கிறார்.

என் கை, கால் கதை இங்கே பல பேருக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சோரியாசிஸ். தோல் தடித்து, வெடித்து, வெடிப்பில் ரத்தம் வரும். நான் பள்ளி ஆசிரியை. சாக்பீஸ் பிடித்தால் அந்தத் தூள் வெடிப்புக்குள் இறங்கி எரியும். மார்கழி வந்தால் வாசல் தெளிக்கக் காலை ஊன்ற முடியாது. எலுமிச்சம்பழம் பிழிய முடியாது, மிளகாய்த்தூளில் கை வைக்க முடியாது, சட்டைப் பொத்தான் போட இன்னொருவர் வேண்டும். அப்போது தேங்காயெண்ணெய், வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி, யார் எதைச் சொன்னாலும் போட்டிருக்கிறேன். இயற்கையை முயன்று பார்க்காமல் ஓடிவந்தவள் இல்லை நான். எண்ணெய் போட்டால் வறட்சி கொஞ்சம் குறையும், அது உண்மை. உள்ளே கொதித்துக்கொண்டிருந்த அழற்சி அப்படியேதான் இருந்தது.

அப்புறம் ஒரு தோல் மருத்துவர் க்ளோபெட்டசால் ஆயின்ட்மென்ட் எழுதினார். சீட்டை நீட்டி அனுப்பிவிடவில்லை. ஒரு தாளில் கையும் காலும் வரைந்து எங்கே போட வேண்டும் என்று கோடு போட்டார். முகம், அக்குள், தொடை இடுக்கு, இந்த மூன்றிலும் இந்த டியூப் படவே கூடாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். பிறகு என் ஆள்காட்டி விரலை நீட்டச் சொல்லி, நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை மருந்தைப் பிதுக்கிக் காட்டினார்.

அந்த விரல்நுனி அளவு அவர் கண்டுபிடித்தது இல்லை. 1991இல் பிரிட்டனில் கார்டிஃபைச் சேர்ந்த லாங், ஃபின்லே என்ற இரண்டு மருத்துவர்கள் வகுத்த கணக்கு. பெரியவர்களின் விரலில் அது ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை பரப்புக்கு அது போதும். மணிக்கட்டுக்குக் கீழே ஒரு கைக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஒரு விரல்நுனி, ஒரு பாதத்துக்கு இரண்டு. இது தெரியாததால் என்ன நடக்கிறது? ஒருவர் ஸ்நோ பூசுவதுபோல அப்புகிறார். இன்னொருவர் பயந்து மிளகளவு எடுத்துக் கால் முழுக்கத் தேய்த்துவிட்டு, "மருந்து கேட்கவில்லை" என்கிறார். இரண்டாமவரைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அவர் மாதக்கணக்கில் அரைகுறையாகப் போட்டுக்கொண்டே இருப்பார். சரியான அளவில் போட்டிருந்தால் சீக்கிரம் முடித்திருக்கலாம்.

உள்ளங்காலுக்கு ஏன் இவ்வளவு வீரியம் என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. உடம்பு முழுக்கத் தோல் ஒரே மாதிரி இல்லை. 1967இல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இருவர் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற லேசான ஸ்டீராய்டை உடம்பின் வெவ்வேறு இடங்களில் பூசி எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்று அளந்தார்கள். முன்கையில் இறங்குவதை 1 என்று வைத்தால், உள்ளங்காலில் அதில் ஏழில் ஒரு பங்குதான். தாடையில் 13 மடங்கு. விதைப்பையில் 42 மடங்கு. அதாவது என் உள்ளங்காலுக்குச் சரியாக இருக்கும் மருந்தை முகத்தில் போட்டால் அது வேறு கதை. காலுக்கு எழுதிய டியூபை வீட்டில் எல்லோருக்கும் பொது மருந்தாக வைத்திருப்பது எவ்வளவு தவறு என்பதும் இதிலேயே இருக்கிறது. குழந்தையின் இடுப்பில் டயப்பருக்கு அடியில் போடுவது இன்னும் மோசம். காற்றுப் புகாமல் மூடிய இடத்தில் மருந்து இன்னும் அதிகமாக உள்ளே போகும்.

டியூபில் உள்ள சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்றும் என் டாக்டர் சொன்னார். ஹைட்ரோகார்ட்டிசோன் டியூபில் 1 சதவீதம் என்று இருக்கும். க்ளோபெட்டசாலில் 0.05 தான். எண்ணைப் பார்த்தால் இரண்டாவதுதான் லேசானது என்று தோன்றும். உண்மையில் அது ஹைட்ரோகார்ட்டிசோனைவிட 600 மடங்கு வரை வீரியமானது. அதனால்தான் பொதுவாகத் தொடர்ந்து 2 வாரத்துக்கு மேல் வேண்டாம், வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு. அடங்கியதும் டாக்டர் எனக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கினார், பிறகு வாரத்தில் இரண்டு நாள், பிறகு வெறும் மாய்ஸ்சரைசர். மறுபடி வெடித்தால் வரச் சொன்னார். நானாக நீட்டவில்லை, நானாகச் சட்டென்று நிறுத்தவும் இல்லை. எங்கே, எவ்வளவு, எத்தனை நாள், எப்படி நிறுத்துவது. இவ்வளவுதான்.

இப்போது நான் மறைக்க விரும்பாத இன்னொரு கதை. என் அண்ணன் மகள். கல்லூரிக்குப் போகும் வயதில் முகம் கொஞ்சம் மங்கலாகிவிட்டது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டிருக்கிறாள், ஒரு க்ரீமை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். சீட்டு கேட்கவில்லை, எத்தனை நாள் என்று சொல்லவில்லை. முதலில் முகம் பளபளவென்று ஆனது. எல்லோரும் பாராட்டினார்கள், அந்த அக்கா உட்பட. சில மாதங்களில் கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரிய ஆரம்பித்தது. பரு, மெல்லிய முடி, வெயிலில் போனால் நெருப்பு. க்ரீமை நிறுத்தினால் முகம் சிவந்து வீங்கி எரியும், மறுபடி போட்டால் அடங்கும். அந்தச் சுழலில் மாட்டி அவள் அழுத அழுகையை நான் பார்த்திருக்கிறேன். "உனக்கு இதன் கெடுதல் தெரியாது" என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

அவள் மட்டும் இல்லை. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாட்டின் 12 மையங்களில் முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பார்த்தார்கள். 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தவர்கள். பெரும்பாலோருக்கு அதைச் சொன்னது மருத்துவர் அல்லாதவர்கள். படர்தாமரையின் கதை இன்னும் மோசம். பூஞ்சைக்கு மருந்து, பாக்டீரியாவுக்கு மருந்து, கூடவே க்ளோபெட்டசால், எல்லாம் கலந்த ஒரே டியூப். அரிப்பு அன்றைக்கே நிற்கும், பூஞ்சை உள்ளே வளர்ந்து பரவும், வட்டத்தின் விளிம்பு அழிந்துபோய் டாக்டருக்கே அடையாளம் தெரியாது. என் வகுப்பில் இப்படி இடுப்பு முழுக்கப் பரவிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், குடும்பத்துக்கே ஒரு டியூப்.

2018இல் மத்திய அரசு இந்த ஸ்டீராய்டு களிம்புகளை அட்டவணை எச்-இன் கீழ் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. உங்கள் தெருவில் போய்க் கேட்டுப் பாருங்கள், கிடைக்கிறதா இல்லையா என்று. அந்த வீடியோக்காரருக்கு உண்மையான அக்கறை இருந்தால் அவர் கேமராவைத் திருப்பியிருக்க வேண்டிய இடம் அது. டாக்டர் சொன்னபடி மருந்து போடும் ஒரு நோயாளியைப் பயமுறுத்தியதில் அவருக்கு என்ன கிடைத்தது?

சரி, என்ன சொல்வீர்கள் என்று தெரியும். மருந்துக் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறாள் என்பீர்கள். இதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

"நோயின் வேரைப் பார்க்காமல் அமுக்குகிறீர்கள்" என்பீர்கள். சோரியாசிஸில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்குகிறது. களிம்பு அதைக் குணப்படுத்தும் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. பால் பொங்கும்போது முதலில் அடுப்பைத்தான் தணிப்பார்கள். கால் வெடித்து நடக்க முடியாமல் கிடப்பவளிடம் வேரைத் தேடச் சொல்வது என்ன நியாயம்?

"நிறுத்தினால் உடம்பே எரிகிறது என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்" என்பீர்கள். இது மட்டும் நான் தலைகுனிந்து கேட்கும் வாதம். அது உண்மை. 1970களிலேயே இதைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள், 2021இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரித்தது. அந்த வேதனையை யாரும் கற்பனை என்று சொல்லக் கூடாது, சொல்லும் டாக்டர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் வருவது வீரியமான மருந்தை முகத்திலும் மெல்லிய தோலிலும் கேள்விமுறை இல்லாமல் நீண்ட காலம் போட்டவர்களுக்கு. அவர்களிடம் போய் "இன்றைக்கே தூக்கிப் போடு" என்று சொன்னால் முதலில் எரியப்போவது அவர்கள் தோல்தான்.

"சித்தாவில் இல்லாததா?" என்பவர்களுக்கு: அரசு மருத்துவமனையிலேயே சித்தா பிரிவு இருக்கிறது, படித்த மருத்துவர் இருக்கிறார், போய்ப் பாருங்கள். நான் பயப்படுவது லேபிள் இல்லாத டப்பாவைப் பார்த்து. 2003இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் மருத்துவர்கள், குழந்தைகளின் எக்ஸிமாவுக்கு, அதாவது அரிப்போடு வரும் தோல் அழற்சிக்கு, பெற்றோர்கள் மூலிகை என்று நம்பிப் பூசிய 24 க்ரீம்களைச் சோதித்தார்கள். அவற்றில் 20 க்ரீம்களில் ஸ்டீராய்டு இருந்தது. சிலவற்றில் இதே க்ளோபெட்டசால். மூலிகை என்று நம்பி, ஸ்டீராய்டையே பெயர் தெரியாமல் குழந்தையின் தோலில் பூசியிருக்கிறார்கள். அதில் எங்கே, எவ்வளவு, எத்தனை நாள் என்று யாரிடம் கேட்பது?

அக்கா, உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும், குழுவில் சொல்லாமல் இங்கே சொல்கிறேன். சித்தி வீட்டு வளைகாப்பில் நான் வளையல் தட்டை எடுத்தபோது என் கையிலிருந்து அதை வாங்கி வைத்தது நீதான். "ஒட்டிக்கும்னு சொல்றாங்க" என்று மெதுவாகச் சொன்னாய், எனக்குக் கேட்டது. சோரியாசிஸ் ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. அன்றைக்கு என் உடம்பின் மேல் உனக்கு இந்த அக்கறை இல்லை. இன்றைக்கு என் கை ஆறி, நான் யாரையும் கேட்காமல் பந்தியில் பரிமாறுகிறேன் என்றதும் நான் போடும் மருந்து உன் கண்ணை உறுத்துகிறது. வெடித்த கையோடு இருந்தால் தொட மாட்டீர்கள், ஆறிய கையோடு இருந்தால் எப்படி ஆறியது என்று விசாரணை வைப்பீர்கள். நோயாளி எப்படி இருந்தால்தான் உங்களுக்குச் சம்மதம்?

கடைசியாக, அந்தக் கமென்டில் கேட்ட பெண்ணுக்கு. யாராவது அவரைத் தெரிந்தவர்கள் இதைக் காட்டுங்கள். அம்மா, அவர்கள் எழுதியதைப் படித்து அழாதீர்கள். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். டியூபையும் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போங்கள். காலில் எந்த இடத்தில், எத்தனை விரல்நுனி, எத்தனை நாள், அதற்குப் பிறகு எப்படிக் குறைப்பது என்று கேளுங்கள். தோல் மெலிந்தாலோ, புண் வைத்தாலோ, சீழ் வந்தாலோ எப்போது திரும்ப வர வேண்டும் என்றும் கேளுங்கள். நிற்க வைத்துப் பதில் சொல்லாமல் அனுப்பினால் வேறு டாக்டரைப் பாருங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்க்குத் தனிப் பிரிவு உண்டு. என்ன சொன்னார்கள் என்று எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். என் கால் இப்போது எப்படி இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்புகிறேன்.