எண்பது என்று யார் சொன்னது?

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு வேகத்தைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். 2022-ல் வழிகாட்டி வரைபடங்கள் தயாரிக்கும் டாம்டாம் நிறுவனம் போட்ட கணக்குப்படி, இந்த ஊரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்க 29 நிமிடம் ஆனது. அந்த ஆண்டு உலகத்திலேயே லண்டனுக்கு அடுத்த மந்தம் நாங்கள்தான். சில்க் போர்டு சிக்னலில் சுண்டல் வாங்கித் தின்று முடித்து, காகிதத்தைக் கசக்கி வைத்த பிறகும் அதே இடத்தில் நின்றிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு அதிவேகத்துக்காக அபராதம் வந்தது.

எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம். 80-ஐத் தாண்டக் கூடாது, நான் 97. இரவு பத்தே முக்கால், வேலை முடிந்து அல்சூருக்குத் திரும்பும் வழி. ஆயிரம் ரூபாய். நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியும் படமும் கூடவே வந்ததால் மறுக்க வழியில்லை.

செய்தியைப் பார்த்ததும் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன்: "இருக்கட்டும், தள்ளுபடி விடும்போது கட்டிக்கொள்ளலாம்." வெளியூர் நண்பர்களுக்கு ஒரு விளக்கம். கர்நாடகத்தில் 2023 பிப்ரவரியில் நிலுவையில் இருந்த போக்குவரத்து அபராதங்களுக்கு 50 சதவீதம் தள்ளுபடி கொடுத்தார்கள். கூட்டம் அள்ளியது. அதே ஆண்டில் மறுபடியும் கொடுத்தார்கள், 2025-லும் கொடுத்தார்கள். ஆடித் தள்ளுபடிக்குத் துணிக்கடை வாசலில் காத்திருப்பது போல இதற்கும் பழகிவிட்டோம். ஆள் சாகக்கூடிய குற்றத்துக்கு அரை விலை! அன்று அது எனக்கு உறைக்கவில்லை. ஆளே நடக்காத, நேரான, நடுவில் தடுப்புச்சுவர் வைத்த சாலையில் 80 என்று எவன் முடிவு செய்தான் என்ற கோபம்தான் இருந்தது.

மாமனாரிடம் புலம்பினேன். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அனுதாபம் கிடைக்கும் என்று நினைத்தேன். பாடம் கிடைத்தது.

"அந்தக் காலத்துல ரோட்டோரமா ஒரு கண்ணாடிப் பெட்டியை வெச்சுக்கிட்டு நாள் பூரா உட்கார்ந்திருப்போம் மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தார். எனோஸ்கோப் என்று பெயராம். மடங்கிய ஒரு பெட்டி, உள்ளே 45 டிகிரி சாய்வில் கண்ணாடி. சாலையில் ஒரு தூரத்தை அளந்துகொண்டு, ஒரு முனையில் பெட்டியை வைத்துவிட்டு மறுமுனையில் ஸ்டாப்வாட்சோடு உட்கார வேண்டும். பெட்டியைத் தாண்டும் வண்டி கண்ணாடியில் மின்னும்போது ஒரு அழுத்து, தன்னைத் தாண்டும்போது இன்னொரு அழுத்து. நேரம் கிடைத்தால் வேகம் கிடைத்தது. முன்னால் வேறு வண்டி மறிக்காமல், அவரவர் இஷ்டப்படி ஓட்டுகிற நேரத்தில்தான் அளப்பார்கள்.

"நூறு வண்டியை அளந்தாச்சுன்னு வைங்க. மெதுவா போனதுல இருந்து வரிசையா எழுதுங்க. எண்பத்தஞ்சாவது வண்டி என்ன வேகத்துல போச்சோ, அதை ஒட்டித்தான் லிமிட் வைக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. தொண்ணூத்தெட்டாவது வண்டியோட வேகம் ரோட்டை டிசைன் பண்றதுக்கு."

ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. வேக வரம்பு என்பது மேலே இருப்பவர்கள் ஓட்டுநருக்கு இடும் கட்டளை என்று நினைத்திருந்தேன். இந்த முறையில் ஓட்டுநர்கள்தான் பொறியாளருக்குச் சொல்கிறார்கள். பெரும்பாலானோர் புத்தியோடுதான் ஓட்டுவார்கள், அவர்களையெல்லாம் குற்றவாளியாக்கும் எண்ணை எழுதி வைத்தால் யாரும் மதிக்கமாட்டார்கள், ஒரே சாலையில் ஒருவர் 50-லும் இன்னொருவர் 90-லும் போனால் அதுவும் ஆபத்து. இவைதான் அதன் பின்னால் இருக்கும் நியாயங்கள். காரும் லாரியும் மட்டும் ஓடும் நெடுஞ்சாலைக்கு இதில் அர்த்தம் உண்டு.

ஆனால் அந்த நூறில் யார் இருக்கிறார்கள்? என் வீட்டுக்குப் பக்கத்தில் காலையில் கீரை விற்கும் அக்கா தன் தள்ளுவண்டியோடு பழைய மெட்ராஸ் ரோட்டைக் கடக்கிறார். அவரை எந்தக் கண்ணாடிப் பெட்டியும் எண்ணாது. அடிப்பவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்டுவிட்டு, அடிபடுபவர்களுக்கும் சேர்த்து எண் வைப்பது போலிருக்கிறது எனக்கு. அகலமாக, நேராகச் சாலை போட்டால் எல்லோரும் வேகமாகப் போவார்கள். அதை அளந்து வரம்பை ஏற்றினால் இன்னும் வேகமாகப் போவார்கள். எங்கே நிற்கும் இது?

நம் நாட்டில் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே டெல்லியும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-வது பிரிவுப்படி மத்திய அரசு உச்ச வரம்பை அறிவிக்கும். மாநிலங்களும் உள்ளூர் அதிகாரிகளும் தேவையைப் பார்த்து அதற்குக் கீழே குறைத்துக்கொள்ளலாம். 2018 ஏப்ரலில் வந்த அறிவிப்பில் கார்களுக்கு எக்ஸ்பிரஸ்வேயில் 120, நடுவில் பிரித்த நான்கு வழிச் சாலையில் 100, நகர எல்லைக்குள் 70. இன்ஜினும் சாலையும் மேம்பட்டுவிட்டன என்று காரணம் சொன்னார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் அதை ரத்து செய்து தீர்ப்பளித்தது. இருந்தும் புதிய எக்ஸ்பிரஸ்வேக்களில் 120 பலகை நிற்கிறது. இன்ஜின் மேம்பட்டது சரி. மனிதனின் மண்டை ஓடு எந்த ஆண்டில் மேம்பட்டது?

நகரத்துக்குள் 70 என்பதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மாமாவின் பென்சிலை வாங்கி, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். நல்ல பிரேக், காய்ந்த சாலை, ஓட்டுநர் சுதாரிக்க ஒரே ஒரு விநாடி. 60-ல் வருபவர் ஆளைப் பார்த்த இடத்திலிருந்து ஏறக்குறைய 36 மீட்டரில் முழுவதுமாக நின்றுவிடுகிறார். அதே இடத்தில் பார்த்து, அதே மாதிரி பிரேக் போட்டு 80-ல் வருபவர்? அந்த 36-வது மீட்டரில் அவர் இன்னும் 60-க்கு மேல் போய்க்கொண்டிருக்கிறார். தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று மறுபடியும் போட்டேன். 61 சொச்சம். அவர் பிரேக் மிதிப்பதற்குள்ளேயே 22 மீட்டர் ஓடிவிடுகிறது, அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் இடம் போதவில்லை. முதல் காரின் முன்னால் நின்று திட்டிவிட்டுப் போகும் மனிதர், இரண்டாவது காருக்கு முன்னால் இருந்தால் பிழைப்பது கஷ்டம். வித்தியாசம் வெறும் 20.

நான் 97-ல் போனதற்கு இந்தக் கணக்கைப் போடவில்லை. மாமாவும் கேட்கவில்லை.

பகலில் இந்த ஊர் ஊர்வதால்தான் நாம் ஏமாறுகிறோம். பகலெல்லாம் 18-ல் நகர்ந்தவனுக்கு ராத்திரி காலியான ரோட்டைப் பார்த்ததும் கை அரிக்கிறது. 2021 ஆகஸ்ட் 31 அதிகாலை, கோரமங்களாவில் ஒரு ஆடி கார் கட்டடத்தில் மோதி ஏழு பேர் இறந்தார்கள். ஓசூர் எம்எல்ஏவின் மகனும் அதில் ஒருவர் என்பதால் தமிழ்நாட்டிலும் பெரிதாகப் பேசப்பட்டது. ஒருவர்கூட சீட் பெல்ட் போடவில்லை என்றது போலீஸ். விலை உயர்ந்த கார் காப்பாற்றும் என்று நம்புகிற எல்லோரும் அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்திருப்போம், ஒரு வாரம் மெதுவாக ஓட்டியிருப்போம். அடுத்த மாதமே எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில், ஓரத்தில் வண்டி நிறுத்த விட்ட இடத்தில் பைக்கோடு நின்றிருந்த இருவர் மேல் வேகமாக வந்த கார் மோதியது. இருவரும் பாலத்திலிருந்து கீழே விழுந்து இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஆளே நடக்காத சாலை என்று மேலே எழுதினேன் பாருங்கள், அதே பாலம்.

"வேகம் இல்லைங்க, ரோடுதான் காரணம், இதெல்லாம் வசூல்" என்று இதற்கும் வந்து எழுதுவீர்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 71 சதவீதத்துக்கு அதிவேகம் காரணம் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அந்த எண் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. நம் ஊர் எப்ஐஆரில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்பது கடிதத்தில் "நலம், நலமறிய ஆவல்" போல. இங்கே கன்னடத்திலும் அதே வரிதான், "அதிவேக ஹாகூ அஜாகரூகதெயிந்த". ஓட்டுநர் பெயரை எழுதினால் கோப்பு முடிந்தது. வளைவைத் தப்பாகப் போட்டவர், பள்ளத்தை மூடாதவர், தடுப்புக்குப் பிரதிபலிப்பான் ஒட்டாதவர் யாரும் அதில் வருவதில்லை. 2019 சட்டத்திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு கொண்டுவந்தார்கள். சாலை வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ குறை இருந்து உயிர் போனால் காண்ட்ராக்டருக்கும் அதிகாரிக்கும் ஒரு லட்சம் வரை அபராதம். அப்படிக் கட்டிய ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா? அவர்களுக்கும் தள்ளுபடிக்குக் காத்திருக்கும் நிலைமை வரட்டும்.

மற்ற பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். மைசூர் எக்ஸ்பிரஸ்வேயைப் பாருங்கள். 2023 மார்ச்சில் திறந்தார்கள். வரம்பு 100, ஆனால் சாவு நிற்கவில்லை. ஆகஸ்டில் பைக், ஆட்டோ, டிராக்டரை எல்லாம் பிரதான பாதையிலிருந்து இறக்கினார்கள். போலீஸ் வேகத்தை அளக்கும் ரேடார் துப்பாக்கியோடு நின்றது, கேமரா வந்தது. சாவு குறைந்தது. அதே சாலை, அதே 100. 2024 ஆகஸ்ட் முதல் கர்நாடகத்தில் 130-ஐத் தாண்டினால் எப்ஐஆர் என்று அறிவித்ததும் என் அலுவலகத்தில் நாலு பேர் முகம் தொங்கியது. வசூல் என்றால் முகம் தொங்காது, பர்ஸ்தான் தொங்கும்.

ஆனால் நகரத்துக்குள் கேமராவை மட்டும் நம்ப முடியாது. இருசக்கர வண்டிக்காரர்களும் நடப்பவர்களும் சேர்ந்து 2022-ன் சாலைச் சாவுகளில் அறுபது சதவீதத்துக்கு மேல். ஆள் கலந்து நடக்கும் தெருவில் 30 போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தெருவே ஓட்டுநரை மெதுவாக்க வேண்டும்: குறுகிய பாதை, அகலமான நடைபாதை, ஒழுங்கான வேகத்தடை. ஒழுங்கான என்று அழுத்திச் சொல்கிறேன். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் விதிப்படி தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் இருப்பது ஒரு முழ அகலத்தில் தார்க்குவியல். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரும் அம்மாவின் முதுகுக்கு அது நன்றாகத் தெரியும்.

அபராதத்தை முழுசாகக் கட்டிவிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

போன ஞாயிறு அவரை ஓசூருக்கு ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போனேன். மேம்பாலத்தில் ஏறியதும் பேச்சை நிறுத்திவிட்டார். வலது காலை மட்டும் அடிக்கடி தரையில் அழுத்திக்கொண்டார், அங்கே பிரேக் இருப்பது போல. ஓரத்தில் வண்டி நிறுத்தும் இடம் ஒன்று வந்தது. "இங்கதானா?" என்றார். "இந்தப் பாலம்தான் மாமா, எந்த இடம்னு தெரியல" என்றேன். மீட்டரில் 76. பின்னால் வந்த வேன்காரர் விடாமல் லைட் அடித்துக்கொண்டிருந்தார்.