இயந்திரம் அப்புறம், முதலில் ஆள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளும் படிக்கும் வகையில் வட்டாரப் பல்கலைக்கழகத்தில் குவாண்டம் கணினி (அணு அளவு இயற்பியல் விதிகளைக் கொண்டு கணக்கிடும் கணினி) ஆராய்ச்சி தொடங்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. மனதார வரவேற்கிறேன். ஆனால் முதல் நாளே இயந்திரம் வாங்கக் கிளம்ப வேண்டாம். மீக்கடத்தி (மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாயும் பொருள்) வகை குவாண்டம் சிப்பை மைனஸ் 273 டிகிரிக்கு வெகு அருகில் குளிர வைக்க வேண்டும். அந்த ஹீலியம் குளிர்விப்பானுக்கே கோடிக்கணக்கில் ஆகும். நடுவில் நின்று சூடேறிவிட்டால் மறுபடி குளிர நாள்கணக்காகும்.

நான் தர்மபுரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தபோது மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் ஆய்வகத்தில் ஒன்றே ஒன்றுதான்; அதுவும் ஆறு மாதம் துணி போர்த்திக் கிடந்தது. பழுது பார்க்க ஆள் இல்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அதனால் ஆசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர் உதவித்தொகைக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள். குவாண்டம் நிரல்களை எழுதிச் சாதாரணக் கணினியிலேயே பாவனையாக ஓட்டிப் பார்க்க உதவும் கிஸ்கிட் மென்பொருள் இலவசம். 20 க்யூபிட்டை (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) அப்படிப் பாவனை செய்ய ஏறக்குறைய 10 லட்சம் எண்களை நினைவில் வைத்தால் போதும், சாதாரண மடிக்கணினியே தாங்கும். க்யூபிட்டுகளில் வரும் பிழைகளைத் திருத்தும் முறைகள், புதிய வழிமுறைகள் எல்லாம் கணக்கு தெரிந்தவர்கள் காகிதத்தில் செய்கிற வேலை. 1994இல் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் பெரிய எண்களைக் காரணிகளாகப் பிரிக்கும் தன் குவாண்டம் வழிமுறையைத் தந்தபோது அதை ஓட்ட இயந்திரமே கிடையாது.

சோதனை வேலைக்குப் பெங்களூரு இருக்கிறது. இந்திய அறிவியல் கழகமும் ராமன் ஆராய்ச்சி நிலையமும் கிருஷ்ணகிரியிலிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணம்தான். கோடை விடுமுறையில் மாணவர்களை அங்கே அனுப்ப ஒப்பந்தம் போடலாம். ஒன்றிய அரசின் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023இல் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புதல் ஆனது, அதற்கும் விண்ணப்பிக்கலாம்.

அப்புறம், பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். முதல் பருவத்தில், குவாண்டம் கணக்குக்கு அடிப்படையான அணிகளையும் (மேட்ரிக்ஸ்) கலப்பெண்களையும் தமிழிலேயே நடத்த ஒரு வகுப்பைத் திட்டத்தில் சேருங்கள்.