ஓடு கட்டும் உயிருக்கும் சீமெந்து வேண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஒரு கிண்ணத்தில் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்து, முல்லைத்தீவுக் கரையில் பொறுக்கிவந்த ஊரி ஒன்றை அதற்குள் போட்டாள். ஓட்டின் விளிம்பைச் சுற்றிக் கடுகைவிடச் சிறிய குமிழிகள் கிளம்பின. மறுநாள் காலை எடுத்துப் பார்த்தபோது ஊரியின் மினுக்கம் போயிருந்தது. விரலால் தேய்த்தால் வெள்ளை மா ஒட்டியது. "கடலுக்குள்ளும் இப்படித்தான் கரைகிறதா அம்மா?" என்று கேட்டாள். கடல் அமிலமாகிறது என்று பாடசாலையில் படித்திருக்கிறாள்.

இல்லை என்றேன். அந்த இல்லையை அவளுக்கு விளக்கி முடிக்க எனக்கு அரை மணி நேரம் போதவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

கடல் புளிக்கவில்லை. தொழிற்சாலைகள் வருவதற்கு முன் கடல் மேற்பரப்பின் பீ.எச். பெறுமானம் ஏறக்குறைய 8.2. இப்போது 8.1க்குக் கிட்ட நிற்கிறது. 7க்கு மேலே இருப்பதால் அது இன்னும் காரம்தான். ஆனால் இந்த அளவுகோலில் 0.1 இறங்குவது என்றால் நீரில் அமிலத்தன்மையைத் தரும் ஐதரசன் அயன்கள் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டன என்று பொருள். மனிதர் எரித்து வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் விழுங்கிக்கொள்வதால் வந்த மாற்றம் இது. "கடல் அமிலமாகிவிட்டது, சிப்பி கரைகிறது" என்று பரபரப்பாக எழுதுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. அதைப் படித்துவிட்டுக் கரைக்குப் போய், முழுசாகக் கிடக்கும் சிப்பியைப் பார்க்கிறவர், எல்லாமே பொய் என்று முடிவு கட்டிவிடுவார்.

உண்மையில் நடப்பது வேறு. வன்னியில் வீடு கட்டிய எவருக்கும் அது விளங்கும்.

2011இல் நாங்கள் திரும்பி வந்தபோது காணியில் ஒரு தறப்பாளும் கிணறும்தான் இருந்தன. வீட்டுத்திட்டத்தில் ஒரு சிறு வீடு கிடைத்தது. பிறகு சொந்தக் காசில் பக்கத்து அறையைத் தொடங்கி, சுவர் லின்டல் மட்டத்துக்கு வந்த நேரத்தில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. கல் இருந்தது, மணல் இருந்தது, மேசனும் இருந்தார். சீமெந்து மட்டும் விலை ஏறிக் கைக்கு எட்டாமல் போனது. அந்தச் சுவரை யாரும் இடிக்கவில்லை. அது வளரவில்லை, அவ்வளவுதான். அதற்கு மேல் ஒவ்வொரு வரிசை கல்லும் பிள்ளைகளின் சாப்பாட்டிலிருந்தும் ரியூசன் காசிலிருந்தும் பிடுங்கி வைத்ததுதான்.

சிப்பிக்கும் அதே நிலைதான். அதன் ஓடு கல்சியம் காபனேற்று. கடலில் கல்சியத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் நீரில் கூடிய ஐதரசன் அயன்கள் காபனேற்றைப் பிடித்து இருகாபனேற்றாக மாற்றிவிடுகின்றன. கட்டுவதற்கு வேண்டிய காபனேற்று குறைந்துபோகிறது. சிப்பி அப்போதும் கட்டும். கூடுதல் சக்தியைச் செலவழித்துக் கட்டும். அந்தச் சக்தி அதன் சதைக்கும் முட்டைக்கும் போக வேண்டியது. முத்துச்சிப்பி இனம் ஒன்றை பீ.எச். 7.8 உள்ள நீரில் நான்கு கிழமை வைத்துப் பார்த்த ஆய்வில், ஓட்டின் வலிமை ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தது. பார்வைக்குச் சிப்பி சிப்பியாகத்தான் இருக்கும். நண்டின் கொடுக்கு நெரிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

குஞ்சுகளின் பாடு இன்னும் பொல்லாதது. முட்டையிலிருந்து வந்த சிப்பிக் குஞ்சு முதல் இரண்டு நாளுக்குள் தன் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். அதுவரை அது இரை தேடாது. முட்டையில் தாய் வைத்த கொழுப்புத்தான் அதன் கைமுதல். 2007 முதல் அமெரிக்காவின் ஒரேகன் கரையில் சிப்பிக் குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் குஞ்சுகள் கோடிக்கணக்கில் செத்தன. முதலில் நோய்க்கிருமி என்று நினைத்தார்கள். ஆழத்திலிருந்து கரைக்கு மேலெழுந்து வந்த, காபனீரொட்சைட்டு கூடிய நீர்தான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அவர்கள் செய்த வேலையைக் கவனியுங்கள்: நீரை அளந்தார்கள். தொட்டிக்குக் காலையில் நீர் இறைப்பதை விட்டுப் பின்னேரத்தில் இறைத்தார்கள். பகல் முழுவதும் குடாவின் பாசியும் கடற்புல்லும் காபனீரொட்சைட்டை உறிஞ்சிவிடுவதால் பின்னேர நீர் குஞ்சுக்கு நல்ல நீர்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கடற்புல்லான சாதாழைதான் நினைவுக்கு வந்தது. மன்னார்க் கடலிலும் பாக்கு நீரிணையிலும் அது வயல்போல் விரிந்து கிடக்கிறது. ஆவுளியா என்ற கடற்பசுவின் தீனி, இறால் குஞ்சின் தொட்டில் என்று அதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். பகலில் தன்னைச் சுற்றியுள்ள நீரைச் சிப்பிக்கு ஏற்றதாக மாற்றுவதும் அதே சாதாழைதான். இழுவைமடி அடித்தளத்தை வழித்துக்கொண்டு போகும்போது மீன் மட்டும் போவதில்லை, இந்த வயலும் வேரோடு போகிறது. 2017இல் இழுவைமடியைச் சட்டம் தடை செய்தது. அந்தத் தடையை நடைமுறைப்படுத்தக் கேட்டு நிற்கும் எங்கள் தொழிலாளிகள், தங்கள் வயிற்றுக்காக மட்டும் நிற்கவில்லை.

சூடு இன்னொரு பாரம். வெப்பவலய இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு 1951க்கும் 2015க்கும் இடையில் சராசரியாக 1 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறியிருக்கிறது. நீர் சூடானால் சிப்பிக்குச் சுவாசமும் பசியும் கூடும், நீரில் ஒட்சிசன் குறையும். செலவு கூடி வரவு குறைகிற குடும்பத்தின் கணக்கு. நந்திக்கடல் களப்பில் வெயில் காலத்தில் நீர் வற்றிச் சூடேறி மீன்கள் செத்து மிதப்பதைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றையும் காபனீரொட்சைட்டின் தலையில் கட்டவும் நான் விரும்பவில்லை. மன்னாரின் அரிப்பு என்ற ஊரில் ஆங்கிலேய ஆளுநர் நோர்த் கட்டுவித்த மாளிகையின் இடிபாட்டுக்குக் கீழே நடந்தால், மணலில் பழைய முத்துச்சிப்பி ஓடுகள் காலடியில் நொறுங்கும். அந்த மாளிகைச் சுவருக்கே சிப்பி சுட்ட சுண்ணாம்பைத்தான் பூசினார்கள். 1905இல் ஒரே பருவத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை அந்தக் கடலின் பார்களிலிருந்து, அதாவது சிப்பி படியும் கடலடித் திட்டுகளிலிருந்து, அள்ளினார்கள். சில ஆண்டுகளுக்குள் சலாபமே, அதாவது முத்துக்குளிப்பே, படுத்துவிட்டது. அதற்கு முன்னரும் பத்தாண்டுக்கு மேல் சிப்பி குளிக்காமல் கிடந்த காலம் உண்டு. 1902இல் ஆராய வந்த ஹேர்ட்மன் என்ற விலங்கியலாளர், பெரியபாரில் ஆண்டுக்காண்டு குஞ்சுகள் வந்து படிவதையும், பருவக்காற்றில் அள்ளுண்டு காணாமல் போவதையும் எழுதி வைத்தார். அந்தப் பார்கள் எப்போதுமே தப்பிப் பிழைப்பது கடினமான இடம். அங்கே ஏற்கெனவே மணலோடும் திருக்கையோடும் போராடுகிற குஞ்சின் முதுகில் இப்போது இன்னொரு மூட்டையை ஏற்றியிருக்கிறோம்.

ஏற்றியது யார் என்றும் கேட்க வேண்டும். பிள்ளைக்குச் சங்கில் பால் பருக்கியவர்கள் நாங்கள், செத்த வீட்டில் சங்கூதுகிறவர்களும் நாங்கள். இந்தப் புகையில் வன்னியின் பங்கு கையளவு கூட இல்லை. புகைத்தவர்களிடம் கணக்குக் கேட்பது எங்கள் உரிமை. ஆனால் எங்கள் கடல் எப்படி இருந்தது, எப்படி மாறியது என்று காட்ட எங்களிடம் என்ன எழுதி வைத்திருக்கிறோம்?

திறந்த கடலின் பீ.எச். பத்தாண்டுக்கு ஏறக்குறைய 0.02 அளவில்தான் இறங்குகிறது. அதைக் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகத்தின் நுட்பமான கருவியும் பல ஆண்டுப் பொறுமையும் வேண்டும். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் அப்படி ஒரு நிரந்தர அளவிடல் வேண்டும் என்று நாங்கள்தான் கேட்க வேண்டும். களப்பு நீர் அப்படியல்ல. மாரி வெள்ளத்தோடும் பகல் இரவோடும் அது பெரிதாக ஏறி இறங்கும். உயர்தர இரசாயன ஆய்வுகூடம் உள்ள பாடசாலைப் பிள்ளைகள் மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நீரின் சூட்டையும் உப்பையும் பீ.எச்.சையும் அளந்து ஒரு கொப்பியில் எழுதலாம். கொக்கிளாயிலும் நந்திக்கடலிலும் அந்தக் கொப்பி இல்லாதது எனக்கு உறுத்துகிறது.

மற்றக் கொப்பி உங்கள் வீட்டு வயதானவர்களிடம் இருக்கிறது. சங்கு குளித்தவர்கள், மட்டி பொறுக்கியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்தக் கரையில் எந்த ஆண்டு சங்கின் முட்டைக்கூடான சங்குப்பூ ஒதுங்கியது, எந்தப் பாரில் சங்கு சிறுத்தது, எப்போது மட்டி இல்லாமல் போனது என்று கேட்டு, ஊர்ப் பெயரோடும் ஆண்டோடும் கீழே எழுதுங்கள். சரியான ஆண்டு நினைவில்லை என்றால் இடப்பெயர்வுக்கு முன்னா பின்னா, சுனாமிக்கு முன்னா பின்னா என்றாவது குறியுங்கள். மகளும் நானும் ஒரு கொப்பியில் ஒழுங்காக ஏற்றி வைக்கிறோம்.