ஒரு ‘ஸ்டாட்டிக்’ சொல்லுக்காக நான் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன்

நம் குழுவின் இளைய டெவலப்பர் ஒருவரின் புல் ரிக்வெஸ்ட்டை, அதாவது தன் நிரல் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி அவர் அனுப்பிய கோரிக்கையை, நான் திருப்பி அனுப்பினேன். அதன் ஸ்கிரீன்ஷாட் இரண்டு நாள்களாகக் குழுக்களில் சுற்றுகிறது. பார்த்தவர்களுக்கு மறுபடி கதை சொல்லப் போவதில்லை. “பழைய ஜாவா ஆள், இவருக்கு பிஎச்பி தெரியாது” என்று அதன்கீழ் எழுதியவர்களுக்குத்தான் இந்தப் பதில். (இரண்டும் நிரல்மொழிகள்; நம் திட்டம் பிஎச்பியில் எழுதப்பட்டது.)

உள்நுழைந்த பயனரை ஒரு கிளாஸின் ஸ்டாட்டிக் மாறியில் வைத்து, அதில் ஏற்கெனவே ஒருவர் இருந்தால் அவரையே கொடு, இல்லாவிட்டால் செஷனிலிருந்து (உள்நுழைந்தவர் யார் என்று சர்வர் குறித்துவைக்கும் இடம்) எடு என்று அந்தத் தம்பி எழுதியிருந்தார். கிளாஸ் என்பது வார்ப்பு, அதிலிருந்து உருவாகும் ஒவ்வொன்றும் ஓர் ஆப்ஜெக்ட். ஸ்டாட்டிக் மாறி ஆப்ஜெக்ட்டுக்குச் சொந்தமானதல்ல, கிளாஸுக்குச் சொந்தமானது. கிளாஸோ, நம் சர்வர் ஓடும் முறையில், அந்தப் புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) உயிரோடிருக்கும்வரை நினைவகத்தில் இருப்பது. அந்தப் புராசஸ் வருகிற எல்லோருக்கும் பொதுவானது. ஆகவே ஒருவருக்கு மட்டும் உரிய தகவலை ஸ்டாட்டிக்கில் வைக்கக் கூடாது.

“பிஎச்பியில் ரிக்வெஸ்ட் (பயனரிடமிருந்து சர்வருக்கு வரும் ஒரு கோரிக்கை) முடிந்ததும் எல்லாம் அழிந்துவிடுமே” என்கிறார்கள். பிஎச்பியை வழக்கமாக ஓட்டும் எஃப்பிஎம் முறையில் அது முழு உண்மை, மறுக்கவில்லை. ஆனால் நம் திட்டம் ஓடுவது, லாராவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பை வேகமாக ஓட்டுவதற்கான ஆக்டேனில். 2021-இல் வெளிவந்த ஆக்டேன், அப்ளிகேஷனை ஒருமுறை ஏற்றி வைத்துக்கொண்டு, அதே வொர்க்கரிடம் (ரிக்வெஸ்ட்டுகளைக் கையாளும் புராசஸ்) ரிக்வெஸ்ட்டுகளை அடுத்தடுத்து ஒப்படைக்கிறது. அதன் வேகமே அதிலிருந்துதான் வருகிறது. நாமாக எதையும் மாற்றாவிட்டால் ஒரு வொர்க்கர் 500 ரிக்வெஸ்ட்டுகளைப் பார்த்த பிறகுதான் புதிதாகத் தொடங்கும். முதலில் வந்தவர் அந்த ஸ்டாட்டிக்கில் உட்கார்ந்துவிட்டால், மீதி 499-க்கும் அவரே பயனர். தம்பியின் லேப்டாப்பில் ஒரே ஆள் உள்நுழைந்து சோதித்தால் இது எப்படித் தெரியும்?

எனக்கு இது ஏட்டில் படித்த பாடமல்ல. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், ஒரு பரிசோதனைக்கூடத்தின் இணையதளத்துக்காக எழுதிய ஜாவா சர்வ்லெட்டில் (ரிக்வெஸ்ட்டுகளுக்குப் பதில் தரும் சர்வர் நிரல்), நோயாளியின் எண்ணை நானே ஸ்டாட்டிக் மாறியில் வைத்தேன். சோதனையில் ஒரு குறையும் இல்லை. திறந்த முதல் திங்கட்கிழமை காலை இரண்டு த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் அந்த மாறியைத் தொட்டன. ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்து, திரையில் இருந்த சர்க்கரை அளவை வாசித்துவிட்டு, “பெயர் என்னுடையது இல்லையே, யாருடையது இது?” என்று கேட்டார். கணினி முன் நின்றபடியே அந்தப் பெயரைப் பார்த்தேன். அவருக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது.

“லாராவெலே கேஷ், ஆத் என்று எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்காகத்தானே கூப்பிடுகிறது?” என்றும் ஒருவர் கேட்டிருந்தார். கேஷ், ஆத் போன்றவை ஃபசாட்கள், அதாவது லாராவெலின் வசதிகளைச் சுருக்கமாகக் கூப்பிடும் முகப்புகள். ஃபசாட் எழுத்தில்தான் ஸ்டாட்டிக். உள்ளே அது கன்டெய்னரிலிருந்து (ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்கித் தரும் பகுதி) ஓர் ஆப்ஜெக்ட்டை எடுத்து அதனிடம் வேலையைக் கொடுக்கிறது. மாறிலிகள், எந்த நிலையையும் வைத்துக்கொள்ளாத கணக்கு மெத்தடுகள் எல்லாம் ஸ்டாட்டிக்காக இருக்கட்டும். அவற்றை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. நான் தடுத்தது ஒருவருடைய தகவல் இன்னொருவர் கைக்குப் போவதை.

வேலையைத் தாமதப்படுத்துகிறேன் என்கிறீர்கள். நிராகரித்த குறியின்கீழ் பன்னிரண்டு வரிகளில் காரணத்தையும் மாற்று வழியையும் எழுதியிருந்தேனே, ஸ்கிரீன்ஷாட்டில் அந்த வரிகளை ஏன் வெட்டினீர்கள்? என்னை அறியாதவன் என்று சொன்னதைவிட, அந்த வரிகளை மறைத்ததுதான் எனக்கு வலிக்கிறது. இரவு இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் அழைப்பு வருவது எனக்குத்தான் என்பதும், யாருடைய தகவலாவது கசிந்தால் வாடிக்கையாளர் முன் கைகட்டி நிற்பதும் நான்தான் என்பதும் நம் குழுவில் தெரியாதவர் யார்?

தம்பி மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அந்தப் புல் ரிக்வெஸ்ட்டை நான் இன்னும் மூடவில்லை. பயனரை ரிக்வெஸ்ட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு, ஒரே வொர்க்கரில் இரண்டு வெவ்வேறு பயனர்கள் அடுத்தடுத்து வரும்படி ஒரு டெஸ்ட்டும் சேர்த்து அனுப்பினால், அன்றைக்கே ஒப்புதல் தருகிறேன்.