எத்தனை முறை நிறுத்தினீர்கள்?

சைனஸ் அறுவை சிகிச்சை பயிலும் இளம் மருத்துவரிடம், இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள் என்றுதான் தேர்வாளர்கள் கேட்கிறார்கள். எத்தனை முறை பாதியில் நிறுத்தினீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவனாகிய நான், கேட்கப்படாத அந்தக் கேள்வியையே பெரிதாகக் கருதுகிறேன்.

இரு கண்களுக்கும் இடையே மூக்கின் மேற்பகுதியில் இருக்கும் சிறு காற்றறைகளான எத்மாய்டு அறைகளுக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கும் எலும்பின் இலத்தீன் பெயருக்கே காகிதத் தகடு என்றுதான் பொருள். மேலே மூளையின் தரை. அங்கே மணத்தை உணரும் நரம்பமைப்பு தங்கியிருக்கும் நுகர்ச்சிப் பள்ளத்தின் ஆழம் 1 முதல் 16 மில்லிமீட்டர் வரை ஆளுக்கு ஆள் மாறும் என்பதை உடற்கூற்றியல் அறிஞர் கெரோஸ் 1962இல் மூன்று வகைகளாகப் பிரித்துக் காட்டினார். பள்ளம் ஆழமாக ஆக, அதன் பக்கச் சுவரிலுள்ள மிக மெல்லிய எலும்பு கருவியின் பாதையில் கூடுதலாக வெளிப்படும். அது உடைந்தால் மூளைத் தண்டுவட நீர் மூக்கின் வழியே கசியும். இடப்புறமும் வலப்புறமும் ஒரே ஆழத்தில் இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. ஆகவே அந்த நோயாளியின் சிடி ஸ்கேனைப் பயிற்சி மருத்துவர் தாமே படித்து, ஆபத்தான இடங்களை வாய்விட்டுச் சொல்லிய பிறகே கருவியைத் தொட வேண்டும்.

பெரிய சிக்கல்கள் அரிதானவைதாம். ஆனால் அவை நேரும்போது, பெரும்பாலும் அதற்குச் சற்று முன்பாகவே இரத்தம் பார்வையை மறைத்திருக்கும். மூக்கினுள் நுழைத்துத் திரையில் பார்க்க உதவும் எண்டோஸ்கோப்பின் முனையில் படியும் ஒரு துளி போதும், திரை முழுவதும் சிவந்துவிடும். அந்த நிலையில் உறிஞ்சியபடியே வெட்டும் மைக்ரோடிப்ரைடரை இயக்கினால், கண்குழிக் கொழுப்பும் கண்ணை அசைக்கும் தசையும் நொடிகளில் சேதமாகலாம். முன் எத்மாய்டு தமனி அறுபட்டுக் கண்குழிக்குள் சுருங்கிக்கொண்டாலோ, உள்ளே அழுத்தம் ஏறிக் கண் பிதுங்கத் தொடங்கும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் அழுத்தம் தணியாவிட்டால் பார்வை திரும்பாமலே போகலாம். கண்ணின் வெளிக்கோடியை வெட்டி அந்த அழுத்தத்தைத் தளர்த்தும் முறையைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்த ஒருவர் இந்த அறுவை சிகிச்சையைத் தனியாகச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இறந்தோர் உடலில் அதைச் செய்து பழகியிருக்க வேண்டும்.

கருவியின் முனை எங்கே இருக்கிறது என்பதை ஸ்கேன் படத்தின் மீது காட்டும் வழிகாட்டிக் கருவிகள் வந்துவிட்டனவே என்பார்கள். அவற்றிலேயே ஓரிரு மில்லிமீட்டர் பிழை இருக்கக்கூடும். காகிதத் தகட்டின் தடிமன் அதைவிடக் குறைவு.

பயிற்சிக் காலத்தில் ஒரு நாள், இன்னும் ஓர் அறைதான் மீதம் இருந்தது. இரத்தம் நிற்கவில்லை. முடித்துவிடலாம் என்று நான் சொன்னேன். என் ஆசிரியர் கருவியை வாங்கி வைத்துவிட்டு, மருந்தில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்துக் காத்திருந்தார், அதன் பின்னும் தெளியாததால் அத்துடன் நிறுத்தினார். அந்த நோயாளிக்குச் சில வாரங்கள் கழித்து மீதியைச் செய்தோம். என் பயிற்சிப் பதிவேட்டில் அது முழுமையடையாத சிகிச்சை என்றே எழுதப்பட்டு, எண்ணிக்கையில் சேராமல் போனது. அன்று நான் கற்றதை எழுதிவைக்க அந்த ஏட்டில் இடமே இல்லை. நிறுத்தியதையும் அதன் காரணத்தையும் பதிவதற்கு ஒரு பத்தியை அதில் சேர்த்து, தேர்வாளர்கள் முதலில் அதைப் படிக்க வேண்டும் என்று கேட்கிறேன்.