கேன்டர் தெரிந்தால் இடைநிலை ஆகிவிடுமா?
‘கேன்டர் போகத் தெரிந்தால் நீங்கள் இடைநிலை’ என்று குதிரையேற்றம் பற்றிய ஒரு கட்டுரை சொல்கிறது. கேன்டர் என்பது குதிரையின் மூன்று தாள ஓட்டம். அது போதாது. பயிற்சிப் பள்ளிக் குதிரை பயிற்சியாளரின் குரலுக்கே கேன்டருக்கு மாறிவிடும், முன்னால் போகும் குதிரையைப் பார்த்தும் ஓடும். மேலே இருப்பவர் சும்மா உட்கார்ந்திருந்தால்கூட நடக்கும்.

20 மீட்டர் வட்டத்தில், வேறு குதிரை இல்லாமல் சோதித்துப் பாருங்கள். ட்ராட்டில், அதாவது இரண்டு தாள மெல்லோட்டத்தில், தாளத்துக்கு எழுந்து எழுந்து உட்காரும்போது, குதிரையின் வெளிப்பக்க முன்னங்கால் முன்னே போகையில் நீங்கள் எழ வேண்டும். குனிந்து அதன் தோளைப் பார்க்காமலே தவறை உணர்ந்து, ஒரு தாளம் கூடுதலாக உட்கார்ந்து மாற்ற முடிகிறதா? கேன்டரில் உள்பக்க முன்னங்கால் முந்துகிறதா? வட்டம் முட்டை வடிவமானால் பெரும்பாலும் உள்பக்கக் கடிவாள வாரை மட்டும் இழுக்கிறீர்கள், உங்கள் வெளிக்கால் வேலை செய்யவில்லை.

பிறகு அங்கவடி (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) இல்லாமல் 5 நிமிடம் ட்ராட். முழங்காலால் சேணத்தை இறுக்குபவர் எகிறிக்கொண்டே இருப்பார். சமநிலைக்காகக் கை வாரில் தொங்கும், குதிரை தலையைத் தூக்கும். திமிர் இல்லை, வாய் வலிக்கிறது.

குதிரைச் சுற்றுலாப் படிவத்தில் மட்டும் நிலையைக் கூட்டிப் போடாதீர்கள். அதை வைத்துத்தான் குதிரை ஒதுக்குவார்கள். திறந்தவெளியில் கூட்டமாக ஓடும் துடிப்பேறிய குதிரையை ஒரே இழுப்பாக இழுத்துப் பிடித்தால், அது வாரில் சாய்ந்து இன்னும் வேகமெடுக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, இழுத்து விட்டு, இழுத்து விட்டுத்தான் அடக்க வேண்டும்.