'பொக்ஸி' தூக்கக் குளிசை அல்ல

உப்புவெளிப் பெடியன்களின் வட்சப் குழுக்களில் 'பொக்ஸி' (5-MeO-DiPT) என்ற போதைப்பொருளைப் பற்றி ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: "பொக்ஸி மெலடோனின் குடும்பம், உடம்பில் ஊறுகிற சாமான், தூக்கக் குளிசை மாதிரி. ஒன்றும் செய்யாது." நேற்று பாமசிக்கு வந்த ஒரு தம்பி போனை என் காதில் வைத்து, "உண்மையோ அண்ணை?" என்று கேட்டான். இல்லை, தம்பி.

குடும்பம் ஒன்றுதான், சரி. இரண்டும் டிரிப்டமைன்கள். இன்டோல் வளையம், அதிலிருந்து நீளும் இரண்டு காபன் வால், நுனியில் நைதரசன், ஐந்தாம் இடத்தில் மெதொக்சி, எல்லாம் இரண்டிலும் உண்டு. அந்த நைதரசனில்தான் மாற்றம். மெலடோனினில் ஒரு அசற்றைல் தொகுதி, பொக்ஸியில் இரண்டு ஐசோபுரொப்பைல். திறப்பில் ஒரு பல் மாறினால் வேறு கதவுதான் திறக்கும். மெலடோனின் தூக்க நேரத்தைச் சொல்லும் ஏற்பிகளில், அதாவது கலங்களில் உள்ள பூட்டுகளில், போய் ஒட்டும். பொக்ஸி, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற இரசாயனத்தின் ஏற்பிகளைத் தூண்டும், செரட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதையும் தடுக்கும். தூக்கம் எங்கே வரும்? மாயத்தோற்றம், வாந்தி, பதற்றம், படபடக்கும் நெஞ்சு, ஏறும் பிரஷர்.

உடம்பில் ஊறுவதும் இல்லை, அது ஆய்வுகூடத்தில் செய்த பொருள். அமெரிக்கா 2004இல் நிரந்தரமாகவே தடைசெய்துவிட்டது.

எனக்குப் பெரிய பயம் வேறு. மனச்சோர்வுக்கு புளுவொக்செற்றின் எடுப்பவர் இதையும் விழுங்கினால் செரட்டோனின் அளவுக்கு மீறலாம். கடும் காய்ச்சல், நடுக்கம், தசை இறுக்கம் கண்டால் விடியும்வரை பார்த்திருக்காமல் உடனே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். என்ன விழுங்கினார் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.